உள்ளதைக் காட்டும் பெட்டி

ஆரணி
18.11.2001

அன்புள்ள அக்காவுக்கு ஜெகநாதன் எழுதுவது.

கீதாவுக்குக் காஞ்சிபுரத்து இடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பையன் வீட்டார் தை மாதம் வருகிறார்கள். நீ கட்டாயம் இருக்கவேண்டும். சென்னையில் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் அத்தை ஒருத்தி பெண்ணுக்கு இருக்கிறாள் என்று ஏற்கனவே சொல்லிவைத்திருக்கிறேன். அவர்களுக்கு அதில் ஒரு மரியாதை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறேன். சந்தவாசல் பக்கத்து எல்லப்பன் என்று ஒருவன், முன்பு நம் வீட்டில் மாட்டுவேலை பார்த்த அம்மணியின் மகன், சென்னையில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் மிக்சிங் பார்த்தவன். தியேட்டரை மூடியபோது அங்கிருந்த இந்த ஜோடியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். இப்போது கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிறான். பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் தாங்கள் செய்தது சரியா என்று போட்டுக் கேட்கும் ஸ்பீக்கராம். மானிட்டர் என்று பெயர். ஆம்ப்ளிஃபயர் தனியாக வேண்டாம், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

"கடைல விக்கற பெட்டிங்க எல்லாம் பவுடர் பூசிகினு பேசும் மொதலாளி. இது மூஞ்சி கழுவிகினு வந்து பேசும்" என்றான். வாய் அதிகம். ஆனால் விஷயம் தெரிந்தவன். நானும் ஜரிகை வாங்குகிறவன்தானே. அசல் எது, போலி எது என்று கையில் எடுத்தவுடன் தெரியும். இது அசல்.

தறிக்கொட்டகைக்கு மேலே, நீ படிப்பாயே, அந்த அறையில் வைத்திருக்கிறேன். உன் புத்தகங்களை ஒரு ஓரமாக அடுக்கியிருக்கிறேன். பையன் வீட்டார் வரும் அன்று என் கேசட்டை இதில் போடப்போகிறேன். கல்யாணப் புடவை எடுப்பவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறேனே, நான் பாடிய அந்த முருகன் கேசட்.

ஜெகநாதன்


சென்னை
27.11.2001

அன்புள்ள ஜெகா,

கீதா விஷயம் தெரிந்து சந்தோஷம். பையனிடம் கீதா பேசினாளா என்று நீ எழுதவில்லை. அதை எழுது.

ஸ்பீக்கர் பற்றி. வானொலியில் பேசப் போன இடத்தில் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதன் முன்னால் யாரும் தலையாட்டிக்கொண்டு உட்காருவதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்காருகிறார்கள். இருமல் எங்கே விழுந்தது, காகிதம் எங்கே சரசரத்தது, எதை வெட்டவேண்டும் என்று தேடுவதற்காகச் செய்த சாதனம் அது. கனமில்லாத குரலுக்குக் கனம் கொடுக்காது, கூச்சலை மழுக்காது. அதுதான் நேர்மையான ஒலி என்று சொல்லி வீட்டில் வைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நேர்மையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்து எத்தனை நாள் கேட்கமுடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அசல் ஜரிகை என்று எழுதியிருக்கிறாய். நீ வாங்கியிருப்பது ஜரிகை இல்லை, உரைகல். உரைகல்லை யாரும் புடவையில் வைத்து நெய்வதில்லை.

வாங்கிவிட்டாய், அதனால் சொல்கிறேன். சுவரை ஒட்டி வைக்காதே. காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு பெட்டிக்கும் உனக்கும் ஒரே தூரம் வரும்படி கிட்டத்தில் உட்கார். தறி ஓடும் லைனிலிருந்து கரண்ட் எடுத்தால் உறுமும். தனி லைன் போடு.

கடைசியாக ஒன்று. விருந்தாளிகள் முன் போடுவதற்குமுன் உன் கேசட்டைத் தனியாக ஒருதரம் போட்டுக் கேட்டுவிடு.

சுகன்யா


ஆரணி
30.12.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். தனி லைன் போட்டதும் உறுமல் நின்றது. முதல் வாரம் சொர்க்கம். வயலின்காரர் வில்லைத் திருப்புவதும், பாடுகிற அம்மாள் மூச்சு இழுப்பதும் என் மடியில் நடப்பது போல் இருந்தது. பிறகு பேஜார்தான். என்னிடம் உள்ள கேசட்டில் பாதியைக் கேட்கவே முடியவில்லை. புஸ்ஸென்று இரைகிறது. தவில் அடித்தால் நெஞ்சில் இடிக்கவேண்டாமா? அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கிறது.

எல்லப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கேசட்டே அப்பிடித்தாங்க. இத்தினி நாளு உங்க பழைய பெட்டி மூடி மூடி வெச்சிகினு இருந்திச்சி" என்று பல்லைக் காட்டுகிறான். இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் அம்மா நம் வீட்டில் வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. இவன் மாடிக்கு வந்தால் நேராக என் நாற்காலியில் உட்காருகிறான். இரண்டு பெட்டிக்கும் நடுவில். நான் நிற்கிறேன். "இங்க குந்தினாதான் மொதலாளி சரியா கேக்கும்" என்கிறான். கடியாரத்தை வேறு திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், எனக்காக ஜல்தியில் வந்துவிட்டுப் போவதுபோல.

என் கேசட்டை முன்னாலேயே போட்டுப் பார்க்கச் சொல்கிறாய். மாட்டேன். புதுப் பெட்டியில் என் பாட்டு நல்ல நாளில், நல்ல நேரத்தில், நாலு பேர் முன்னால்தான். வீட்டில் பொன்னம்மாளும் "எதுக்கும் ஒருவாட்டி கேட்டுக்கோங்களேன்" என்றாள். "சாமி கும்புடறதுக்கு இன்னாடி ரிகர்சலு" என்று கேட்டேன்.

தை பதினைந்து. எல்லப்பனையும் வரச் சொல்லியிருக்கிறேன், பெட்டியைப் பார்த்துக்கொள்ள. நீ காலையிலேயே வந்துவிடு. கீதா பையனிடம் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது.

ஜெகநாதன்


ஆரணி
2.2.2002

அக்காவுக்கு,

அன்று சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். எழுதுவதைத் தவிர வழியில்லை.

நடந்தது என்ன? ஒரு அறை. முதலாளி வேலைக்காரனை அறைந்தது ஆரணியில் இதுதான் முதல் தடவையா? அதற்கு ஸ்டேஷன், டி.எஸ்.பி. விசாரணை, பத்திரிகைக்காரன். ஜாதிப் பெயரைச் சொல்லித் திட்டினேன் என்று அந்த வன்கொடுமைச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஜாமீன் கிடைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. என் உடம்பில் நம் அப்பா ரத்தம் ஓடுகிறது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன், அக்கா.

வக்கீல் சொல்கிறார்: "உங்க சிஸ்டர் புரொபசராச்சே. அவங்க ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்தா கேஸே நிக்காது." கூட இருந்தவர்களில் மனைவி, மகள் பேச்சைக் கோர்ட் நம்பாது. காஞ்சிபுரத்தாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற நிலையில் நான் இல்லை, உனக்கே தெரியும். நீ எழுதவேண்டியது இவ்வளவுதான். எல்லப்பன் குடித்திருந்தான், மாடிப்படியில் உருண்டான், நான் ஜாதியைச் சொல்லி எதுவும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பெட்டியில் ஒன்றை அன்றைக்கே கடப்பாரையால் பிளந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, கொஞ்சம் பஞ்சும் காந்தமும் ஒயரும் சர்க்யூட்டும். மற்றொன்றைப் போலீஸ் எடுத்துப்போய்விட்டது.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். எனக்குச் சுருதி சேராது என்றால் இத்தனை வருஷமாக நீங்கள் யாரும் ஏன் சொல்லவில்லை? அந்தப் பயல் வந்துதான் சொல்லவேண்டுமா?

ஜெகநாதன்


சென்னை
11.2.2002

ஜெகா,

சுருதி சேராததை யாரும் சொல்லாததற்குக் காரணம் உன் கை. அதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

நீ கேட்ட ஸ்டேட்மென்டை எழுதமாட்டேன். நான் பார்த்ததை எழுதுகிறேன், படித்துக்கொள்.

தறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தாய், பாட்டுக்காக. வீடே அமைதியாக இருந்தது. கேசட் ஓடியது. ஆர்மோனியம் ஓரிடத்திலும் நீ ஓரிடத்திலும் இருந்தீர்கள். காஞ்சிபுரத்துப் பெரியவர் காலில் தாளம் போட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பாட்டு முடிந்த இடத்தில், பதிவு நிற்பதற்குமுன், ஆர்மோனியக்காரர் மெதுவாக "ஒருவழியா முட்சிட்டாருபா" என்றார். இத்தனை வருஷம் எந்தப் பெட்டியிலும் கேட்காத குரல். மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். வெற்றிலைத் தட்டோடு வந்த கீதாவும் சிரித்தாள். நீ அவர்களைப் பார்க்கவில்லை, எல்லப்பனைப் பார்த்தாய்.

"இன்னாடா பெட்டி குடுத்த நீ? என் கொரலயே கெடுத்துட்ச்சி."

"பெட்டி கெடுக்கலீங்க. சுருதி அந்தாண்ட போயிகினு இருக்குது, நீங்க இந்தாண்ட வந்துகினு இருக்கீங்க. நடுவுல பெட்டி இன்னா பண்ணும்?"

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கேலிதான். எனக்கும் அவன் தோரணை பிடிக்கவில்லை. அவன் உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நீ முன்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையையும் குழித்து, இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைந்தாய். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. நாற்காலியோடு சாய்ந்தான். மறுபடியும் தூக்கி உட்காரவைத்து மறுபடியும் அதேபோல் அறைந்தாய். அவன் சாதியைச் சொன்னாய். அவன் அம்மாவைச் சொன்னாய். அவன் காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. பொன்னம்மாள் கத்தினாள்.

அப்போது நீ ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்துச் சொன்னது: "தறியப் போடுங்கடா."

ஆறு தறியும் ஓட ஆரம்பித்தன. அதன்பிறகு அவனைப் படியில் இழுத்துக்கொண்டு போனதும், கீழே உன் ஆட்கள் மிதித்ததும் தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆத்திரத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தேன் என்று நீ கோர்ட்டில் சொல்லலாம். ஆத்திரத்தில் இருப்பவனுக்குத் தறியைப் போடச் சொல்லத் தோன்றாது.

வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இடது காது சவ்வு மட்டுமில்லை, உள்ளேயும் போய்விட்டது. வலதில் சீழ். அந்தக் காதும் தேறாது என்கிறார் டாக்டர். அம்மணிதான் பேசினாள். "ஒங்க தம்பிக்கு எம்புள்ள இன்னாம்மா பண்ணான்? காதாலதான அவன் சோறு துன்னுகினு இருந்தான்?"

சுகன்யா


ஆரணி
8.3.2002

அக்கா,

ஆஸ்பத்திரிக்குப் போய் ஆரஞ்சு கொடுத்தாயாமே. ஊரே சிரிக்கிறது. உனக்கு இருக்கும் தம்பி ஒருவன்தான். இப்போது அவனுக்கு நடந்திருப்பதையும் கேள்.

திங்கட்கிழமை பிற்பகல் கரண்ட் போய், ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் கொட்டகையில் புகுந்து தறியில் ஏற்றிய பாவு நூலை அறுத்துவிட்டார்கள். நாலு தறி. பிளேடால் ஒரே கீறல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பட்டிழைகள் அத்தனையும் சுருண்டு தொங்கியதை நீ பார்த்திருக்கவேண்டும். பொன்னம்மாள் சாவு வீடு மாதிரி வாயில் அடித்துக்கொண்டாள். நெசவாளிக்கு அதற்குமேல் ஒரு கேடு உண்டா? முருகன் புண்ணியத்தில், போன வாரம் புதுப் பாவு ஏற்றிய இரண்டு தறியும் தப்பின. அறுபட்ட நாலிலும் பாவு முடிகிற கட்டம், ஒரு முழம் இரண்டு முழம்தான் பாக்கி. இருந்தாலும் அறுத்தது அறுத்ததுதான்.

யார் வேலை என்று சொல்லவேண்டியதில்லை. எல்லப்பனின் தம்பி சுதாகரை அன்றைக்கே தூக்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் நன்றாகக் கவனித்தார்கள். உள்ளங்காலில் அடித்தால் வெளியே தெரியாதாம். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறானாம். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் பட்டப்பகலில் அவர்கள் தெருவுக்குப் போய் மைக் செட்டு, ஆம்ப்ளிஃபயர், ஹாரன் எல்லாவற்றையும் கிணற்றில் இறக்கினோம். குறுக்கே வந்த இரண்டு பேருக்குக் கை உடைந்தது. அம்மணி மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றட்டும்.

வக்கீல் கணக்கு எளிது. அவர்கள் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டால் நாங்கள் பாவுக் கேஸை வாங்கிக்கொள்வோம். வாங்கிக்கொள்ளாவிட்டால் சுதாகர் உள்ளே போவான். நீ மட்டும் குறுக்கே வராதே. வந்தால் உனக்கு இந்த வீட்டிலிருந்து சாவுக்கும் சேதி வராது.

ஜெகநாதன்


சென்னை
16.3.2002

ஜெகா,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கும் அந்த நாலு தறிதான் கண்ணில் நின்றது. அறுந்த ஒரு இழையை முடிச்சுப் போடாமல் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காதவரின் மகள் நான்.

இரண்டாவது தடவை படித்தபோது தப்பிய இரண்டு தறி கண்ணில் பட்டது.

அண்ணன் காது போன ஆத்திரத்தில் ஒருவன் பிளேடோடு வருகிறான். எந்த நேரமும் ஆள் வரலாம். முன்னால் ஆறு தறி இருக்கிறது. அவன் ஒவ்வொரு தறிக்குப் பின்னாலும் போய்க் குனிந்து, உருளையில் எவ்வளவு பாவு பாக்கி என்று பார்த்து, நிறைய இருப்பதை விட்டுவிட்டு, தீர்ந்துபோகிற நாலை மட்டும் அறுப்பானா? சுதாகர் தறியில் உட்கார்ந்தவன் இல்லை. அவனுக்கு எல்லாம் நூல்தான். புதுப் பாவில் கையை வைக்க மனம் வராதவன் எவனோ, அவன்தான் அறுத்திருக்கிறான். உன்னைத் தவிர அந்தக் கொட்டகையில் அப்படிப்பட்டவன் வேறு யார்?

யோசனை வக்கீலுடையதாக இருக்கலாம். கை உன்னுடையது. காது சவ்வைக் கிழித்த கை அதையும் செய்யும் என்று நான் நினைத்திருக்கமாட்டேன். பொன்னம்மாள் அது தெரிந்துதான் வாயில் அடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அதற்காக ஒரு பையன் உள்ளங்காலில் அடி வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

உன் கடிதத்தின் நகலோடு மாவட்டப் போலீஸ் அதிகாரிக்கு எழுதிவிட்டேன். பாவு முடிகிற தறி, முடியாத தறி என்றால் என்ன என்று அவருக்குப் புரியும்படி படமும் போட்டிருக்கிறேன். எல்லப்பன் கேஸில் என்னைச் சாட்சியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டால் வந்து பார்த்ததைச் சொல்வேன்.

கீதாவிடம் மட்டும் சொல். அவள் சிரித்ததில் தப்பு எதுவும் இல்லை.

சுகன்யா


ஆரணி
24.8.2003

சுகன்யாவுக்கு,

நாளைக்குத் தீர்ப்பு. அதற்குமுன் உனக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றியது. அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

உன்னுடைய அந்தக் கடிதம் வந்த அன்று மாடியில் இருந்த உன் புத்தகங்களைக் கீழே கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். பொன்னம்மாள் தடுக்க வந்தாள். அவளுக்கும் விழுந்தது. இப்போது அவள் கீதாவோடு சேத்துப்பட்டில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். காஞ்சிபுரத்தார் அப்போதே விலகிக்கொண்டார்கள். பாவுக் கேஸ் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். சுதாகர் வெளியே வந்துவிட்டான், நொண்டுகிறான். நீ நினைத்தது எல்லாம் நடந்தது.

போன மாதம் கோர்ட்டில் நீ சொன்னதை நான் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வக்கீல் உன்னைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர், இரண்டு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. சாட்சிகளை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். நீ உள்ளே வருவதற்குமுன் நடந்ததை நீ பார்க்கவில்லை.

எல்லப்பன் கூண்டில் நின்றான். கேள்விகளை எழுதிக் காட்டினார்கள், படித்துவிட்டுப் பதில் சொன்னான். குரல் மாறிவிட்டது அவனுக்கு. ஒரு வார்த்தையைக் கத்துகிறான், அடுத்ததை முழுங்குகிறான். என் வக்கீல், இவன் செவிடன் இல்லை, நடிக்கிறான், டாக்டர் சர்ட்டிபிகேட் பொய் என்று வாதாடினார். எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார். "பாருங்க, ஒரு நிமிஷத்துல திரும்பிடுவான். ரோஷம் இருக்கறவன் எவனும் திரும்பாம இருக்கமாட்டான்."

ஃபைலை எடுப்பதுபோல் கூண்டுக்குப் பின்னால் போனார். அன்று நான் மாடியில் சொன்ன வார்த்தைகளை, அவன் சாதியை, அவன் அம்மாவை, ஒன்றுவிடாமல் நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் சொன்னார்.

கதவருகில் இருந்த போலீஸ்காரன் திரும்பினான். ஜட்ஜின் பேனா நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மணி எழுந்துவிட்டாள். எழுந்தவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். வேறு கேஸுக்காக வந்திருந்த வக்கீல்கள் தரையைப் பார்த்தார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கையையும் சேர்த்து முருகனைக் கும்பிட்டேன். எல்லப்பனுக்குக் காது கேட்கட்டும், ஒரு சொல்லாவது கேட்கட்டும், திரும்பட்டும் என்று. அவன் திரும்பினால் எனக்கு விடுதலை. அத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், எந்தப் பாட்டிலும் சாமியிடம் நான் அப்படிக் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது அவன் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான், அடுத்த கேள்வியை எழுதிக் காட்டுவார்கள் என்று.

ஜெகநாதன்